தொண்ணூற்றாறு மதிப்பெண் அம்மா

லியோனாவுக்குப் பதினெட்டு முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பெனிட்டா தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு முதல் பஸ் பிடித்தாள். மகளிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். ஒரு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒரு தடவைகூட அது மகளுடைய காதுக்குள் போய்ச் சேரவில்லை. நடுவில் நெறிவடி இருந்தது.

நெறிவடி, காது மடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் புளியங்கொட்டை அளவுக் கருவி. பதின்மூன்று வயது தொடங்கிப் பதினெட்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயம். செல்பேசியில் வருவதும் காதில் விழுவதும் அதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். பெற்றோர் நிரப்பிக் கொடுத்த படிவம்தான் அதற்கு வேதம். படிவத்துக்கு ஒத்துவராத எதையும் அது நிறுத்திவிடும். அல்லது ஒத்துவருகிற மாதிரி மாற்றி, பெற்றோரின் குரலிலேயே சொல்லும்.

அந்தச் சட்டம் வந்தபோது யாரும் கொடி பிடிக்கவில்லை. பிடிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. அந்த வருடம்தான் எட்டாம் வகுப்புப் பெண்கள் காலி டிபன் பாக்ஸைப் படம் எடுத்துப் போடும் ‘வெறும் டப்பா’ பந்தயம் ஊரெங்கும் ஓடியது. சாப்பிடாத ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள் விழுந்தன. லியோனா ஆறு நாள் தாங்கினாள். ஏழாம் நாள் காலை ஜெபக் கூட்டத்தில் சுருண்டு விழுந்தாள். தான் கட்டிக் கொடுத்த சோறு அத்தனை நாளும் காக்கைக்குப் போயிருக்கிறது என்பது ஆஸ்பத்திரியில்தான் பெனிட்டாவுக்குத் தெரிந்தது. “எந்த மெஷின வேணும்னாலும் மாட்டுங்க சார், எம்பிள்ள சாப்புட்டாப் போதும்” என்று அழுதாள். தாயாகப் பிறந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தவறு அங்கே நடக்கவில்லை. படிவத்தில் நடந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். மதிப்பெண் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ‘உங்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள்’ என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். ஆனால் கேள்வித்தாளைக் கண்ட பிறகு மதிப்பெண் போடாமல் இருக்க நம் ஊர்க்காரர்களால் முடியுமா? பள்ளிக்கூடம் போட்டது. போட்டு, அறிவிப்புப் பலகையில் வரிசைப்படி ஒட்டியது. பஜாரில் வினா-விடைக் கையேடு வந்தது. அடுத்த தெருவில் பெற்றோருக்கு டியூஷன் தொடங்கியது. இறால் கம்பெனியில் நாள் முழுக்க இறாலைத் தரம் பிரித்துவிட்டு, ஐஸில் மரத்துப்போன விரல்களுக்கு உணர்வு வருவதற்குள் பெனிட்டா டியூஷனில் உட்கார்ந்திருப்பாள்.

‘உரத்த குரல் பிள்ளையின் காதில் விழலாமா?’ கூடாது என்று குறித்தாள். மாடியிலிருந்து அவள் கூப்பிட்டால் மீன் மார்க்கெட்டில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம். ‘பிள்ளையின் படிப்பைக் கலைக்கும் ஏக்கப் பேச்சு?’ கூடாது. ‘தாயைப் பிள்ளை எப்படி அழைக்க வேண்டும்?’ நீங்க, வாங்க என்று. ‘இந்த விடைகளைப் பெற்றோரே மீறினால்?’ படிவமே செல்லும். அந்தக் கடைசிக் கேள்விக்குக் கையேட்டில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தது. பெனிட்டாவுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, பள்ளியில் மூன்றாம் இடம். கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் நடுக்கடலிலிருந்து வாழ்த்து அனுப்பினான்.

நெறிவடி வேலை செய்தது. அதை இல்லை என்று சொன்னால் வாய் அழுகிவிடும். ‘வெறும் டப்பா’ லியோனாவின் கண்ணிலேயே படவில்லை. பிள்ளை சாப்பிட்டாள், படித்தாள், பொய் சொல்லாமல் வளர்ந்தாள், மதுரையில் கல்லூரி விடுதிக்கும் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் வீடு பெனிட்டாவைப் பிடித்துத் தின்ன ஆரம்பித்தது.

“உன்னத் தேடுதுட்டி” என்பாள் போனில். தெற்கே பிரிவைச் சொல்ல அதுதான் சொல். ஆளைக் காணாமல் மனசு அலைகிறது என்று அர்த்தம். மறுமுனையிலிருந்து லியோனா, “சரிம்மா, நல்லாப் படிக்கிறேன்” என்பாள். வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். விடுமுறையில் மகள் வந்தபோது நேரிலும் சொல்லிப் பார்த்தாள். “ஆமாம்மா, சீக்கிரம் தூங்கணும்” என்று பதில் வந்தது. தான் சொன்ன வார்த்தை எங்கே போய்க் கிடக்கிறது என்று தெரியாமல் பெனிட்டா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினெட்டு முடிந்தால் கழற்றலாம். வேண்டுமா வேண்டாமா என்பது பிள்ளையின் விருப்பம். அந்த நாளுக்காக அவள் சுவர் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

விடுதியின் பார்வையாளர் கூடத்தில் இன்னும் நான்கைந்து குடும்பங்கள் இருந்தன. லியோனா வந்தாள், காலைத் தொட்டுக் கும்பிட்டாள், எதிரில் உட்கார்ந்தாள். கருவி இன்னும் காதோடுதான் இருந்தது. பெனிட்டா தன் காதைத் தொட்டுக் காட்டி, கழற்றும்படி சைகை செய்தாள்.

“இதையாம்மா? நான் தொடர்ந்து வச்சுக்கலாம்னு இருக்கேன்” என்றாள் லியோனா. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ஒரு நிமிஷம்” என்று கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் வெயில் படாத ஒரு வெளுத்த வட்டம் தெரிந்தது.

மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று பெனிட்டா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தாள். இத்தனை நாள் தேங்கியது மெதுவாகவா வரும்?

“ஏட்டி, உன்னத் தேடுதுட்டி! ஒத்தத் தட்டத்தான் கழுவுதேன் தெனமும். சோறு தொண்டக்குள்ள எறங்க மாட்டேங்கு. ஒரு தடவையாச்சும் நீ வருவியா, எங்கூடச் சண்டையாச்சும் போடுவியான்னு கெடக்கேன்…”

கூடமே திரும்பிப் பார்த்தது. லியோனா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“ஏம்மா கத்துறீங்க? இது உங்க குரல் மாதிரியே இல்ல.”

“இதாம்ட்டி எங்கொரலு!”

“எங்க அம்மா இப்படிப் பேச மாட்டாங்க.” லியோனாவின் கண் கலங்கியிருந்தது. பயந்திருந்தாள். “யாராவது அழுது ஒண்ணு கேட்டா இணங்கக் கூடாதுன்னு அம்மாதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.”

“எந்த அம்மா?”

“நீங்கதாம்மா. நேத்துகூட ஒரு மணி நேரம் பேசினோமே.”

“நேத்து எனக்கு ரெண்டு ஷிப்ட்டு. நான் கூப்புடவே இல்லயே.”

லியோனா கருவியை எடுத்துக் காதில் ஒட்டினாள். இரண்டு மூச்சு விடுவதற்குள் முகம் தெளிந்தது. உள்ளே யாரோ ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். யார் என்று பெனிட்டாவுக்குத் தெரியும். அந்தக் கருவிக்குள் இருந்த அம்மாமேல் வந்த பொறாமையைப் போல இதுவரை யார்மேலும் வந்ததில்லை.

“உங்களுக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்” என்று லியோனா ஒரு சிறிய டப்பாவைத் திறந்தாள். அதற்குள் இன்னொரு புளியங்கொட்டை இருந்தது. “பதினெட்டு முடிஞ்சா நாமளும் அப்பா அம்மாவுக்குப் படிவம் நிரப்பலாம்மா. என் குரல்லயே பேசும். நீங்க சரியாச் சாப்பிடறதில்லன்னு அப்பா சொன்னாங்க. நேரத்துக்குச் சாப்பிட்டா போதும் எனக்கு. விடுதியில எல்லாரும் நிரப்பினாங்க. எனக்குத் தொண்ணூத்தெட்டு!”

வேண்டாம் என்று சொல்லத்தான் பெனிட்டா வாயெடுத்தாள். அதற்குள் மகள் எழுந்து வந்து, அவளுடைய கூந்தலை விரல்களால் ஒதுக்கி, காதுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தாள். ஒட்டுவதற்குப் பத்து எண்ண வேண்டுமாம். மகளின் கை தன்மேல் பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு, எண்ணி முடிக்காமலே இருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. “வெயில் படுதாம்மா? தண்ணி குடிச்சீங்களா?” என்று காதுக்குள் லியோனா கேட்டாள். என்ன கரிசனமான குரல்! பெனிட்டா தண்ணீர் குடித்தாள். அருப்புக்கோட்டையில் இறங்கி இரண்டு இட்லியும் சாப்பிட்டாள். சோறு இறங்காத தொண்டையில் அது இறங்கியது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பஸ் மறுபடி கிளம்பியதும், “லியோனாவுக்குப் போன் போடு” என்று கருவியிடம் சொன்னாள்.

“இதோம்மா.”

மணி அடித்தது. எடுத்தது மகளின் காதுக் கருவியில் இருந்த முப்பத்துநான்கு வயதுப் பெனிட்டா. படிவம் நிரப்பிய நாளில் பதிவு செய்த குரல். சளி இல்லை, கரகரப்பு இல்லை. “லியோனா, பஸ் ஏறியாச்சும்மா. நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்மா. நீங்க?” என்றது இந்தப் பக்கத்து லியோனா.

இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டுவிட்டன. இரண்டு படிவங்களும் கச்சிதமாகப் பொருந்தின; ஆட்களைத் தொந்தரவு செய்ய அவசியமே இல்லாமல் போயிற்று. அங்கே மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு பேச்சு நடப்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. இங்கே பெனிட்டா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவும் மகளும் தேர்வைப் பற்றிப் பேசினார்கள், அப்பாவின் கப்பல் எப்போது கரை சேரும் என்று பேசினார்கள், விடுதிக் குழம்பைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். எத்தனை அந்யோன்யம்! இதற்குத்தானே அவள் இத்தனை நாள் ஏங்கினாள்.

அவளால் அடக்க முடியவில்லை. “ஏட்டி, உன்னத்…” என்று ஆரம்பித்தாள்.

“ஒரு நிமிஷம் பொறுங்க” என்றது மகளின் குரல், மரியாதை கொஞ்சமும் குறையாமல். “அம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்.”