கல்மரப் பள்ளத்துச் சாட்சி

முகிலன் அந்த வறண்ட ஓடைக்குள் முதல் காலை வைக்கும்போதே ஜெயித்துவிட்டவன் போலத்தான் வைத்தான். வீம்புக்கென்றே பிறந்தவன்! மலையும் பள்ளமும் மெல்ல உருவானவை அல்ல, திடீர்ப் பேரழிவுகள் புரட்டிப் போட்டவை என்பது நிலவியல் மாணவனான அவன் கட்சி. கூடப் படிக்கும் சபீனா எதிர்க்கட்சி. எறும்பு ஊரக் கல்லும் தேயும், காலம்தான் வேண்டும் என்பாள். சண்டை தீர ஒரு சாட்சி வேண்டுமே! அது கல்மரப் பள்ளத்தில் இருக்கிறதென்று அவளை இழுத்து வந்திருந்தான். மூன்றாமவன் டென்சிங், முகிலனின் அறைத் தோழன். அவனுக்குக் கட்சியெல்லாம் கிடையாது, சோற்று மூட்டையைச் சுமந்து வந்தான்.

பாதி வழியில் உருட்டுக்கல் இடறி டென்சிங்கின் கணுக்கால் வீங்கிவிட்டது. தலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. ஆனால் தாங்கள் வந்த திசையில், ஓடை பிறக்கும் பச்சைமலைப் பக்கம், வானம் கறுத்திருந்ததைச் சபீனா பார்த்தாள். முதலில் இவனைக் கரைமேல் ஏற்றிவிடுவோம் என்றாள். அதற்கெல்லாம் நேரமில்லை என்று முறுக்கிக்கொண்டான் முகிலன்.

“உன் கட்சிப்படி எல்லாம் மெதுவாத்தானே வரும்? வெள்ளம் மட்டும் ஓடியா வரும்?” என்று கிண்டல் வேறு.

டென்சிங்கும், தான் நிழலில் கிடப்பதாகச் சொல்லி இருவரையும் அனுப்பிவைத்தான்.

ஓடையின் வளைவைத் தாண்டியதும் கிடைத்தது புதையல்! செங்குத்தான கரையில் ஆள் உயரத்துக்கு ஒரே அடுக்கு. பெரும்பாறைகள், கடல் சிப்பிகள், கல்லாகிப்போன மரங்கள் எல்லாம் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. கடலில் கிடக்க வேண்டியதும் காட்டில் நிற்க வேண்டியதும் ஒரே குழம்பில்! சபீனா நெடுநேரம் தடவிப் பார்த்தாள்.

“கடல் பொங்கி வந்துதான் அள்ளிப் போட்டிருக்கு. நீ சொன்னதுதான் சரி” என்றாள்.

முகிலனுக்குத் தலைகால் புரியவில்லை. சிப்பியும் மரமும் ஒட்டிய துண்டு ஒன்றைச் சுத்தியலால் பெயர்த்து எடுத்தான்.

அப்போதுதான் மேல்பக்கத்திலிருந்து கற்கள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. அதற்குள்ளேயே ஒரு குரல்: “முகிலா!”

சபீனா கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கரையேறி ஓடினாள். முகிலனுக்கும் அந்தக் குரல் நன்றாகவே கேட்டது. ஆனால் எடுத்த இடமும் எண்ணும் எழுதாத கல் தெருவில் கிடக்கும் கல்லுக்குச் சமம். பாழாய்ப்போன அந்தப் பழக்கம்! எண் எழுதினான். செய்தித்தாளில் சுற்றினான். கயிறு கட்டினான். கல்லைக் கரைமேல் பத்திரமாக வைத்த பிறகுதான் ஓடினான்.

செந்நிற வெள்ளம் டென்சிங்கின் மார்பு வரை ஏறியிருந்தது. அவன் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கினான். சபீனா கரையில் குப்புறப் படுத்து அவன் சட்டையைப் பற்றியிருந்தாள், முழங்கை முழுக்க ரத்தம். முகிலன் குதித்துக் கீழிருந்து தள்ள, ஒருவழியாக மூவரும் கரை சேர்ந்தார்கள். டென்சிங் தண்ணீராக வாந்தி எடுத்தான். சபீனா திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது முகிலனுக்கு.

கல்லூரியில் வைத்த பாராட்டு விழாவில் மேளதாளம் இல்லாததுதான் குறை! கல் கைமாறிக் கைமாறிப் போயிற்று. முகிலனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

“வெள்ளத்துக்கு நடுவுலயும் எண் எழுத மறக்கல பாருங்க, அவன்தான் நிலவியல்காரன்” என்றார் பேராசிரியர்.

கைதட்டல் ஓயவில்லை. முகிலனுக்குக் காதெல்லாம் எரிந்தது. முன்வரிசையில் காலில் கட்டோடு டென்சிங்கும் கைதட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்தில் தான் கூப்பிட்டது முகிலனுக்குக் கேட்டிருக்காது என்று அவன்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். அந்தப் பொய்யையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு நிற்க முகிலனால் முடியவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

“டென்சிங் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்ட பிறகுதான் எண் எழுதினேன்.”

கைதட்டல் நின்றது.

“அந்தக் கல்லு கோடிக்கணக்கான வருஷம் அங்கயே கிடந்துச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் கிடந்திருக்கும். இவன்தான் கிடந்திருக்க மாட்டான்.”

கீழே இறங்கி வந்து டென்சிங் முன்னால் நின்றான். நிமிர்ந்து பார்க்க முகமில்லை. டென்சிங் பக்கத்திலிருந்த சபீனாவின் தோளைப் பிடித்து எழுந்து நின்றான். இன்னொரு கையை முகிலன் பக்கம் நீட்டினான்.

“ரெண்டு பேரும் பிடிச்சாத்தான் வாசப்படி இறங்க முடியும், வா” என்றான்.