நல்லதாக ஒரு படம்

விநாயகம் எடுத்தது வெறும் சுவரைத்தான். எடுத்ததைப் பார்த்தபோது படத்தின் ஓரத்தில், சமையலறை வாசலை ஒட்டி, பச்சைப் புடவை ஒன்றின் முந்தானை தெரிந்தது.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. மனைவி கலைச்செல்வி செத்துப்போனதிலிருந்து அந்த வீட்டில் அவர் ஒற்றை ஆள். உறவுக்காரர்கள் பால் தெளித்த கையோடு பஸ் ஏறிவிட்டார்கள். மகன் ஆதவனும் லீவு இல்லை என்று ஓசூருக்குப் போய்விட்டான். சற்று முன்புதான் போன் செய்தான்.

“நைனா, அம்மா போட்டோ நல்லதா ஒண்ணுகூட இல்லியா? ரேஷன் கார்டு படத்தப் பெருசாக்குனா உடையுதுன்றான் பிரேம் கடைக்காரன்.”

“எங்கப்பா விட்டா அவ.”

“சரி, மாட்டப்போற சுவத்தயாவது எடுத்து அனுப்பு. சைஸ் சொல்லணும்.”

விட்டால்தானே. ஊரே ராஜகிரிக் கோட்டை முன்னால் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறது. கலைச்செல்வியும் நிற்பாள். எடுத்த மறுநொடி போனைப் பிடுங்குவாள். “இன்னாய்யா இது, கண்ண மூடிக்கினு இருக்கேன். அழிச்சிட்டு வேற எடு.” வேறு எடுத்தால் மூக்கு பெரிசு, அடுத்ததில் தலை கலைந்திருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கலாம் என்பாள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளின் முகம் போனில் ஒன்றுகூட இல்லை. அதுகூடப் பரவாயில்லை. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்த ரேஷன் கார்டின் மங்கல் முகம்தான் வருகிறது, அவள் முகம் வரவில்லை. மறந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறைகள் விடும் அனல் பின்பக்க ஜன்னல் வழியாக வீட்டுக்குள் இறங்க, மலை மேல் எங்கோ மயில் அகவ, திருவண்ணாமலை ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தூரமாகப் போய் ஓய்ந்தது. பக்கத்து வீட்டில் வேர்க்கடலை வறுக்கும் வாசனை வந்தது. அதற்கு அடியில், மெல்லியதாக, வாடிய சாமந்தி மாலையின் வாசனையும் வந்தது. வீட்டில் மாலை எதுவும் இல்லை.

முட்டிவலி. நீல பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழாமலே இன்னொன்று எடுத்தார்.

இந்தத் தடவை முழுதாகத் தெரிந்தாள். சமையலறைக்குள், அடுப்புப் பக்கம் முகத்தை வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வல்லத்திலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்து பிணத்தின்மேல் போர்த்திய கோடிப் புடவை. அது அவளோடு சேர்ந்து எரிந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

எழுந்து தெருவுக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் போனால் அந்த முகமும் போய்விடும்.

“கலை,” என்றார். “கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்.”

எடுத்தார். பார்த்தார். திரும்பவில்லை. ஆனால் வாசற்படிக்கு வந்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே.

மறுபடி எடுத்தார். வாசற்படி தாண்டியிருந்தாள். கூந்தலில் சொருகிய பூ தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் காலித் தரை. குனிந்து பார்த்தால் அவள்.

பின்பக்கமாகவே நடந்து வருகிறாள்.

பக்கத்து வீட்டில் வறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. மயில் இல்லை. ரோடு இல்லை. சாமந்தி வாசனை மட்டும். தொண்டைவரைக்கும்.

நிறுத்தியிருக்கலாம். கட்டைவிரல் நிற்கவில்லை.

“மொகத்த மட்டும் காட்டு. ஒரே ஒரு படம். அழிக்க மாட்டேன்.”

எடுத்தார்.

திரும்பியிருந்தாள்.

சுவருக்குக் கீழே, நேராக அவரைப் பார்த்துக்கொண்டு. விரலால் பெரிதாக்கினார். அதே முகம். இடது கன்னத்து மச்சம், ஓரம் உடைந்த முன்பல், சிரிக்கும்போது சின்னதாகிற கண். அந்தக் கண் திறந்திருந்தது. தலை படிந்திருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. அவருக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நல்லா இருக்குது கலை. ரொம்ப நல்லா இருக்குது.”

ஆதவனுக்கு அனுப்பும் முன் கைகளும் வந்திருக்கிறதா என்று படத்தைக் கொஞ்சம் கீழே நகர்த்தினார். அவளுடைய வலது கை எதன்மேலோ இருந்தது. ஒரு தோள். நீல பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு ஆள்.

அவர் போட்டிருக்கும் அதே கட்டம்போட்ட லுங்கி. அதே சட்டை. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. தாடையைச் சுற்றி உச்சந்தலைக்கு ஒரு வெள்ளைத் துணி.

இன்னும் கீழே நகர்த்தினார்.

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

நிமிர்ந்தார். எதிரே வெறும் சுவர். நாற்காலி இங்கே இருந்தது, அவருக்கு அடியில்.

தோளில் ஏதோ கனத்தது.

கத்த வாயைத் திறக்கப் போனார். திறக்கவில்லை. எழுந்துவிட வேண்டும் என்று கால்களைப் பிரிக்கப் பார்த்தார்.

பிரியவில்லை.