முப்பத்துமூன்றாவது வரி

திரையில் முப்பத்துமூன்று வரிகள் இருந்தன. செடெனாக்கில் அந்த டேட்டா சென்டர் கட்டடத்துக்குள் இருந்ததோ முப்பத்திரண்டு சர்வர்கள்தான். காலையில் ரூபேந்திரன் தானே எண்ணியிருந்தான்.

“கிழத்தோட குப்பை வேலை,” என்று முணுமுணுத்தான். வைதது விஜயனை. தம்போய் ஊரில் வீடுகளுக்கு வயரிங் பார்த்துவிட்டு இங்கே வந்தவர் அவர். வேலை என்னவென்றால், சர்வர்களையெல்லாம் ஒரே மந்தையாக மேய்க்கும் மென்பொருளுக்கு, அதன் பட்டியலை வைத்துக்கொள்ள வெளியே ஒரு டேட்டாபேஸை இணைத்துத்தர வேண்டும். மாலை ஆறுக்குள் முடித்தால் நிரந்தர வேலை ரூபேந்திரனுக்கு. தவறினால் விஜயனுக்கு. அந்த மனுஷனுக்குக் கீழே கைகட்டி நிற்பதா? நினைக்கவே கசந்தது.

மத்தியானமே அவர் வந்து சொன்னார்.

“தம்பி, புதுசா காலியா ஒண்ணு போட்டு இணைங்க. பழைய டேட்டாபேஸ தொடாதீங்க லா. அந்தப் பிரட்டுல ஒரு ஆள் அதிகமா கெடக்கு.”

இந்த நிலம் ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் விடியுமுன் ஆளெண்ணுவதற்குப் பெயர் பிரட்டு. சர்வர் பட்டியலும் அவர் வாயில் பிரட்டுதான்.

“இருந்தா என்னண்ணே? உங்க கங்காணி வந்து அடிப்பாரா?”

“பிரட்டுல இருந்தா ஆள் வந்து நிக்கணும். நிக்கலன்னா அது தேடும்.”

முகத்துக்கு நேரே சிரித்தான். அவர் போனதும், காலியாக ஒன்றை அமைக்க ஒரு மணி நேரம் எதற்கு என்று பழையதன் முகவரியையும் கடவுச்சொல்லையும் தட்டி இணைத்தான். ஐந்தே நிமிடம்.

இப்போது இந்த வரி. பெயர் இல்லை. இடம்: ஏழாவது வரிசை, கடைசி ரேக். நிலை: தேடுகிறது. அழித்தான். திரும்ப வந்தது.

தரைத் துளைகளிலிருந்து குளிர்காற்று எழுந்து கணுக்காலைக் கவ்வ, நூற்றுக்கணக்கான விசிறிகள் ஒரே மூச்சாக இரைய, பிளாஸ்டிக் வாடைக்கு அடியிலிருந்து ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் மெல்ல மெல்ல ஏறிவர, அவன் ஏழாவது வரிசைக்கு நடந்தான். எலி செத்திருக்கும். அந்தக் கிழத்துக்குச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் தெரியாது.

கடைசி ரேக், சர்வர்களை அடுக்கும் ஆளுயர இரும்பு அலமாரி, காலியாக இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே கைவைத்தான். இரும்பு வெதுவெதுத்தது, யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி.

கைப்பேசியில் பட்டியலைப் பார்த்தான். எல்லாச் சர்வரும் இருபத்திரண்டு டிகிரி. கடைசி வரி மட்டும் முப்பத்தேழு.

நிலை: கிடைத்தது.

விசிறிகள் நின்றன. எல்லாமே. ஒன்றாக.

திரும்பினான். கால் வரவில்லை. கணுக்காலில் ஒரு வயர். மணிக்கட்டில் ஒன்று. இறுக்கமில்லாமல். அவசரமில்லாமல்.

“அண்ணே.”

கேலியில்லாமல் அந்தச் சொல் அவன் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

ஆறு மணிக்கு விஜயனும் மேலாளர் சாந்தினியும் வந்தார்கள். ரேக்குக்குள்ளிருந்து, சல்லடைக் கதவு வழியாக ரூபேந்திரன் அவர்களைப் பார்த்தான். கதவு எப்போது மூடியது? தெரியவில்லை.

“ஆளு எங்கண்ணே?”

“காணோம் மேடம்.”

“பரவால்ல லா, சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டாரு. திரையில முப்பத்துமூணு வரியும் பச்சை. நாளையிலேர்ந்து அவரு இங்க நிரந்தரம்.”

கத்த வாயைத் திறந்தான்.

தொண்டைக்குள் ஒரு விசிறி சுழலத் தொடங்கியது.