கோழி தைத்த வெள்ளை நூல்

"கோழிக்குத் தேசிக்காய்ப் புளி தேச்சிட்டியா, இல்லாட்டி அதையும் நான்தான் வந்து தேய்க்கோணுமா?"

யேசு பிறந்த நத்தார் அன்று விடிந்ததும் விடியாததுமாக மாமி யோசெப்பினின் குரல் முன்னறையிலிருந்து கிளம்பிவிட்டது. குசினியில் நின்ற றோஸி வாயைத் திறக்கவில்லை. தேய்த்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது என்று சொன்னால், ஏன் இவ்வளவு நேரத்தோடு தேய்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த பன்னிரண்டு வருஷத்தில் அவள் நன்றாகப் படித்த பாடம் அது.

அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் கடைசி மகள் ஐறீனைப் பேசி முடிக்க, ஹெந்தளையிலிருந்து மாப்பிள்ளை பேர்னாட்டும் அவனுடைய தாயும் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். மாமி தன் ஐந்து பவுண் பதக்கச் சங்கிலியை அவர்கள் முன்னால் ஐறீனுக்குப் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதைப் பளபளப்பாக்கக் கோப்பையில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, குசினி மேசையில் ஊறப் போட்டிருந்தாள். பக்கத்தில் பெரிய பேசினுக்குள் முழுக்கோழி கிடந்தது.

குசினி வாசலில், மேசைக்குக் கை எட்டுகிற தூரத்தில், சாய்வு நாற்காலியில் மாமா சவுந்தரநாயகம். கப்பலில் முப்பது வருஷம் சமைத்த மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையையும் நாக்கையும் கொண்டுபோய்விட்டது. அவரைக் கழுவித் துடைத்து ஊட்டுவதற்காக, பேலியகொடைத் தையல் தொழிற்சாலையில் இருந்த வேலையை விட்டவள் றோஸிதான். பெற்ற மகள் ஐறீன் அந்த நாற்காலிப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

பாண், வெங்காயம், ஈரல், மிளகு எல்லாம் பிசைந்த கலவையைக் கோழியின் வயிற்றுக்குள் அடைத்து முடித்து, தைப்பதற்கு ஊசியில் வெள்ளை நூலைக் கோர்த்தாள் றோஸி. அந்த நேரம்தான் முன்கதவு தடதடவென்று இடிபட்டது.

ஆமியின் சுற்றிவளைப்பு. நத்தார் என்றும் பார்க்கவில்லை. எல்லோரும் ஐடென்டிகாட்டோடு ரோட்டுக்கு வரவேண்டுமாம். ஊசியைப் போட்டுவிட்டு றோஸி மாமாவைத் தூக்கப் போனாள். வாசலில் நின்ற சிப்பாய் யாரென்று சிங்களத்தில் கேட்டான்.

"சீயாட்ட அசனீபய், மாத்தயா. நடக்க ஏலாது," என்றாள் அவள், தாத்தாவுக்குச் சுகமில்லை என்று சிங்களத்திலும் தமிழிலுமாக.

அவன் கிழவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று கையைக் காட்டினான். மாமாவை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே போனார்கள். கொழும்புக் கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கை முழுக்க நத்தார்ப் புதுச்சட்டையோடு வரிசையில் நின்றது. இடையில் மாமியை மட்டும் உள்ளே கூட்டிப்போய் ஒரு பொலிஸ்காரி முன்னறை அலுமாரியைத் திறந்து பார்த்தாள். குசினிக்குள் பூட்ஸ் சத்தம் போய்த் திரும்பி வந்தது. ஒரு பொருளும் குறைந்ததாகத் தெரியவில்லை. மேசையில் கிடந்த, றோஸியின் கணவன் ஒஸ்வால்ட்டின் கைக்கடிகாரம்கூட வைத்த இடத்திலேயே இருந்தது.

இரண்டு மணித்தியாலம் கழித்து விட்டார்கள். ஒழுங்கை முனையில் தன் தம்பி இருளப்பன் காத்து நிற்பதை றோஸி கண்டுவிட்டாள். அவன் மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவன். அன்று ரயிலேறி ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறான். அவள் ஓடி உள்ளே போய், குசினியிலிருந்து ஒரு பேப்பர்ப் பார்சலோடு ஓடிவந்து அவன் கையில் திணித்துவிட்டு, "அம்மாகிட்ட குடுத்துரு தம்பி, சீக்கிரமா போ," என்றாள். மாமி அதை வாசலில் நின்று பார்த்தாள்.

றோஸி திரும்பி வந்து அவசர அவசரமாகக் கோழியைத் தைக்க உட்கார்ந்தாள். மாமா இடது கையால் அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். "ப்பா... ப்பா..." என்று தொண்டைக்குள் இழுத்தார்.

"பசிக்குதா மாமா? ஒரு நிமிசம் பொறுங்க, இத தச்சிட்டு கஞ்சி தாறேன்."

அவர் விடவில்லை. நாற்காலியின் கையில் அடித்தார், கோழியைக் காட்டினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாவம், ஆமிக்காரரைக் கண்டு பயந்துவிட்டார் என்று அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு குறுக்கும் மறுக்குமாக ஏழு தையல் போட்டு முடிச்சிட்டாள்.

மற்ற வருஷங்களில் கோழி ராசிக் நானாவின் பேக்கரிப் போறணைக்குப் போகும். அன்றைக்கு ரோட்டை அடைத்திருந்ததால் பேக்கரியில் நெருப்பே மூட்டவில்லை. மாமா முன்பு சொல்லிக்கொடுத்த கப்பல் வேலை ஒன்று றோஸிக்குத் தெரியும். பெரிய சட்டியின் அடியில் மணலைப் பரப்பி, தகரத் தட்டில் கோழியை வைத்து, இறுக்கி மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைக் கொட்டினாள்.

கோழி வாசம் எழும்பத் தொடங்கிய நேரம் மாமி கோப்பையை எடுக்க வந்தாள். கோப்பைக்குள் சவர்க்காரத் தண்ணீர் மட்டும் இருந்தது.

"என்ர சங்கிலி எங்க?"

றோஸி நிமிர்ந்து பார்த்தாள். "கோப்பையிலதானே மாமி..."

"கோப்பையில இருந்தா நான் ஏன் உன்னைக் கேக்கிறன்? ஆமிக்காரங்கள் ஒண்டும் தொடேல்ல. விட்ட பிறகு வீட்டுக்குள்ள முதல் வந்தது நீ. வந்த கையோட உன்ர தம்பியிட்ட என்னத்தைச் சுத்திக் குடுத்தனி?"

"கேக்குங்க... எனக்குக் குடுத்த கேக்கு துண்டு. அதோட... அவங்க போட்டு கழிச்ச பழைய சேட்டு ஒன்னு. தம்பிக்கு நல்ல சேட்டு இல்ல..."

"கேக்கையும் பழஞ்சேட்டையும் ஆராவது ஒளிச்சு ஓடிப்போய்க் குடுப்பினமா? தோட்டத்துப் பிள்ளையெண்டு பாக்காமல், ஞானஸ்நானம் குடுத்து, மயிலம்மாவை றோஸியாக்கி வீட்டுக்குள்ள எடுத்தனே... எனக்கு இது வேணும்."

"கர்த்தர் மேல சத்தியமா நான் எடுக்கலீங்க மாமி." பன்னிரண்டு வருஷமாய்க் கொழும்புப் பேச்சுப் பழகிய நாக்கு, பயத்தில் பிறந்த இடத்துக்கே ஓடிவிட்டது.

"கர்த்தரை இதுக்குள்ள இழுக்காத. விருந்தாளிகள் வெளிக்கிட்ட பிறகு நீ பின்னேர ரயிலில போ. சங்கிலியோட வா. சங்கிலி இல்லாமல் இந்தப் படியில கால் வைக்கக் கூடாது."

மாமா நாற்காலியில் துடித்தார். இடது காலால் அடுப்பங்கல்லை உதைத்தார். மூடியிலிருந்து இரண்டு தணல் கீழே விழுந்தது.

"பார், அந்த மனுஷனுக்கே நீ செய்தது பொறுக்கேல்ல," என்றாள் மாமி.

றோஸி கணவனைப் பார்த்தாள். ஒஸ்வால்ட் துறைமுகத்தில் கிளார்க். அதிர்ந்து பேசத் தெரியாதவன். பிள்ளையில்லை என்று தாய் குத்திக்காட்டின நேரமெல்லாம் இரவில் அவளுக்கு ஆறுதல் சொன்னவன். அவன் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். தனக்காகப் பேசத்தான் கூப்பிடுகிறான் என்று அவள் நம்பிப் போனாள்.

"றோஸி, எடுத்திருந்தா என்னட்ட மட்டும் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். தம்பியை ஸ்டேஷன்ல பிடிச்சு வாங்கி, மெல்லமா அந்த இடத்தில வச்சிடலாம்."

மாமி ஆயிரம் சொல்லட்டும், அது பழகிப்போன வாய். இந்த மனுஷனா? ஒரே பாயில் பன்னிரண்டு வருஷம் படுத்தெழும்பிய மனுஷனா? அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பிறகு கோழி கருகிவிடும் என்ற நினைப்பு வந்து உள்ளே போனாள்.

உள்ளே ஐறீன் புதுச்சாரியோடு நிலத்தில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். "அவங்க தாய் சங்கிலி எங்கயெண்டு கேட்டா நான் என்ன சொல்றது? வெறுங்கழுத்தோட எப்படிப் போய் நிக்கிறது? இதோட இந்தச் சம்பந்தமும் போச்சு."

ஐறீனுக்கு முப்பத்திரண்டு வயது. போன இரண்டு சம்பந்தமும் கலைந்து போனது றோஸிக்குத் தெரியும். தணலைத் தட்டிவிட்டுக் கையைக் கழுவினாள். கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியைக் கழற்றினாள். தாலியை உருவி எடுத்து, கோழி தைத்த நூற்கட்டையில் மிச்சம் இருந்த வெள்ளை நூலில் கோர்த்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். சங்கிலியை ஐறீனின் மடியில் வைத்தாள்.

"இத போட்டுக்க. மெல்லிசுதான். ஆனா பவுண்."

ஐறீன் வாய் பிளந்து பார்த்தாள். வாசலில் வந்து நின்ற மாமி கையைத் தட்டினாள்.

"பாத்தியா ஒஸ்வால்ட்? மடியில கனம் இல்லாட்டி ஆராவது தாலிச் சங்கிலியைக் கழட்டிக் குடுப்பாளா? எடுத்தவள் ஈடு கட்டிறாள்."

ஒஸ்வால்ட் தலையைக் குனிந்துகொண்டான். கொடுத்ததே குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டதே என்று றோஸி அப்படியே நின்றுவிட்டாள். மாமா மட்டும் அவளுடைய கழுத்து நூலைப் பார்த்துப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரிக் குலுங்கி அழுதார்.

பன்னிரண்டரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயான ஹெந்தளை அம்மா பருத்த உடம்பு, கலகலவென்று பேசுகிறவள். வத்தளையில் பஸ்ஸை மறித்துச் சோதித்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். ஐறீனின் கழுத்தைப் பார்த்து, "இதுதானோ அந்தச் சங்கிலி?" என்றாள். மாமி ஓம் என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள்.

றோஸி கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மார்பும் தொடையும் பொன்னிறமாய்ச் சிவந்து, பட்டர் வழிய, முழுசாய்த் தட்டு நிறைய இருந்தது. "வீட்டிலயே இப்பிடிச் சுட்டதோ? போறணையில வச்சாலும் இந்த நிறம் வராது," என்றாள் ஹெந்தளை அம்மா. றோஸி குசினிப் பக்கம் திரும்பினாள். அவளுடைய சாரி இரண்டையும் மடித்து ஒரு பையில் வைத்தாகிவிட்டது. மாமாவுக்கு ஊட்டிவிட்டுப் போனால் சரி.

ஒஸ்வால்ட் கத்தியை எடுத்துத் தையலை அறுத்தான். மேசைத் தலைமாட்டில் உட்கார்த்தியிருந்த மாமா திடீரென்று முன்னால் சாய்ந்து, கொதிக்கக் கொதிக்க இருந்த கோழியின் வயிற்றுக்குள் இடது கையை நுழைத்துவிட்டார்.

"ஐயோ, கை வெந்துபோகும், மாமா விடுங்க..." றோஸி ஓடிவந்து பிடித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினார். பாண் கலவையை வாரி மேசை விரிப்பில் எறிந்தார். இன்னொரு பிடி. மூன்றாவது தடவை கை வெளியே வந்தபோது, அதில் எண்ணெய் ஒழுக ஒழுகப் பதக்கச் சங்கிலி தொங்கியது.

பேர்னாட்டின் கையிலிருந்த கிளாஸ் அந்தரத்தில் நின்றது. ஒஸ்வால்ட் கத்தியைக் கீழே வைத்தான்.

மாமா வாசலைக் காட்டினார். பூட்ஸ் நடை மாதிரி மேசையில் தட்டினார். பிறகு விரலைக் கோழிக்குள் குத்திக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். நான், நான் என்று.

மாமி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "எண்பத்துமூண்டு கலவரத்தில சனம் வீடு வீடா உடைச்சுக்கொண்டு வரேக்க... இந்த மனுஷன்தான் இதே சங்கிலியை அரிசிப் பானைக்குள்ள போட்டு மறைச்சவர். இண்டைக்கும் பயந்துபோய்... கடவுளே, காலமையிலயிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்."

ஐறீன் எழும்பினாள். விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். "இது அம்மாட சங்கிலி இல்ல, மாமி," என்று ஹெந்தளை அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "இது அண்ணிட தாலிச் சங்கிலி. நாங்க அவவைக் கள்ளியெண்டோம். அவ தாலியை நூல்ல கட்டிக்கொண்டு, நான் வெக்கப்படக் கூடாதெண்டு இதைத் தந்தவ."

அப்போதுதான் எல்லோரும் றோஸியின் கழுத்தைப் பார்த்தார்கள். மஞ்சளும் மிளகும் பட்ட வெள்ளை நூல்.

மாமி தட்டுத் தடுமாறி வந்து அவளைக் கட்டிப் பிடித்தாள். "என்ர வாய் புழுத்துப் போகட்டும் பிள்ளை... உன்னைப் போய் அப்பிடிக் கேட்டிட்டனே. இந்தச் சங்கிலி இனி உனக்குத்தான். கழுத்தைக் காட்டு."

காலையிலிருந்து வராத அழுகை றோஸிக்கு அப்போதுதான் வந்தது. மாமியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுதாலும் பதக்கச் சங்கிலியைத் தொடவில்லை. "அது ஐறீனுக்குங்க. சொன்ன மாதிரி அவளுக்கே போடுங்க. எனக்கு என்னோடது போதும்."

முகத்தைத் துடைத்தாள். தன் மெல்லிய சங்கிலியை எடுத்துக்கொண்டு கணவனிடம் போனாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கைய கழுவிட்டு வாங்க. இத நீங்கதான் கோத்துக் கட்டணும். எல்லாரும் பாக்கட்டும்."

ஒஸ்வால்ட் கழுவிவிட்டு வந்தான். நூல் முடிச்சு இறுகிக் கிடந்தது, அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அறுத்தான். தாலியைச் சங்கிலியில் கோர்த்து, அவள் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொக்கியை மாட்டினான். அவனுடைய கண்ணீர் அவளுடைய பிடரியில் விழுந்தது.

"என்னை மன்னிச்சிடு, மயிலு."

அவள் சங்கிலியைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமா வாயில்லாம கைய வேகவச்சி சொன்னாரு. உங்களுக்கு வாய் இருந்திச்சி. இனிமே ஒன்னு நடந்தா, எடுத்தியான்னு கேக்காதீங்க. என்ன நடந்திச்சின்னு கேளுங்க."

அவன் தலையாட்டினான். ஹெந்தளை அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்பிடி ஒரு மருமகள் இருக்கிற வீட்டில நான் பெண் எடுக்காமல் போவனா?" என்று மாமியின் கையைப் பிடித்தாள்.

றோஸி மாமாவின் சிவந்த கைக்குத் தண்ணீர் ஊற்றி, துணி நனைத்துச் சுற்றினாள். பிறகு வழக்கம்போலக் குசினிக்குப் போகத் திரும்பினாள். மாமி விடவில்லை, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். பன்னிரண்டு நத்தாரில் அந்த மேசையில் அவள் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அந்த வீட்டுக் கோழியில் கழுத்தும் முதுகெலும்பும்தான் அவளுக்கு என்று இருந்தது. துணி சுற்றிய கையாலேயே மாமா ஒரு முழுத்தொடையைத் தள்ளித் தள்ளி அவளுடைய தட்டில் சேர்த்தார். அவள் ஒரு வாய் பிய்த்து முதலில் அவருக்கு ஊட்டினாள். அடுத்த வாயைத் தான் சாப்பிட்டாள்.