கிணற்றுக்கட்டில் ஒரு குடம்

"கொலைகாரன் எண்டு கல்லெறியினம், ஐயா," என்றார் நாகமுத்து. நெற்றியில் கட்டியிருந்த துணியில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. "மாக்கிறேற்றோடை வேலிக்குச் சண்டை பிடிச்சது உண்மைதான். அதுக்காக ஒரு மனுசியைக் கிணத்துக்கை தள்ளுறவன் நானில்லை."

ஊர்காவற்றுறை இன்ஸ்பெக்டர் அரியநாயகம் கதிரையைக் காட்டினார். நாகமுத்து உட்காரவில்லை. பக்கத்தில் நின்ற கொன்ஸ்தாபிள் யாக்கோப்புவுக்கு அந்தச் சாவு தெரியும். புளியங்கூடலுக்கு அப்பால், கடற்கரையோரத்தில் மீன்பிடிகாரர் சில்வெஸ்ரரின் மனைவி மாக்கிறேற் போன கிழமை வளவுக் கிணற்றில் பிணமாக மிதந்தாள். கிணற்றுக்கட்டில் பித்தளைக் குடம் இருந்தது. தண்ணீர் அள்ளப் போய்த் தவறி விழுந்தாள் என்று மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. பூசை வைத்து, சவக்காலையில் அடக்கமும் செய்தாயிற்று. ஆனால், திடகாத்திரமான மனுசி எப்படித் தவறி விழுவாள் என்று ஊர் கேட்கத் தொடங்கியது. கேட்டவர்களின் கண் அடுத்த வளவுத் தோட்டக்காரர் நாகமுத்துவின் மேல் விழுந்தது.

"உமக்கு வேறை ஏதும் தெரியுமோ?"

நாகமுத்து வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஒண்டு தெரியும். சொன்னால் நான் தப்புவன். செத்தவளுக்குத்தான் கேடு. எனக்குச் சொல்ல ஏலாது, ஐயா. நீங்களே வந்து பாருங்கோ."

அன்று சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஜீப் சில்வெஸ்ரரின் வீட்டு வாசற் படலையடியில் நின்றபோது வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முற்றத்தில் வலை குவிந்திருந்தது; அதைத் தொட ஆளில்லை. சில்வெஸ்ரர் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார். கன்னம் ஒட்டியிருந்ததே தவிர, கண்ணில் ஈரமில்லை. மனைவி செத்தும் அழாத மனிதன் என்று யாக்கோப்பு மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

வந்தவர்களை வரவேற்றவன் மாக்கிறேற்றின் தம்பி குருசுமுத்து. கொழும்பில் ஹோட்டலொன்றில் வேலை; நல்ல வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தான். கதிரை கொண்டுவந்து போட்டான். பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி மாதா கோயில் கிணற்றிலிருந்து சுமந்து வந்த மண்குடத்தைக் குசினியில் இறக்குவதைப் பார்த்து அவன் பெருமூச்சு விட்டான்.

"சின்னனிலை இருந்து நாங்கள் குடிச்சு வளர்ந்த கிணறு, ஐயா. அக்கா விழுந்த பிறகு இனி ஆர் அதிலை வாய் வைக்கப்போகினம்?"

சில்வெஸ்ரர் சட்டென்று தலையை உயர்த்தினார். பிறகு தாழ்த்திக்கொண்டார். அதையும் யாக்கோப்பு கவனித்தான்.

அரியநாயகம் நேரே கிணற்றடிக்குப் போனார். துலாவில் தொங்கிய வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளினார். உள்ளங்கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோனார்.

"சேர், பிரேதம் கிடந்த தண்ணி!"

அவர் ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பினார். "நீரும் பாரும்."

யாக்கோப்பு சிலுவை போட்டுக்கொண்டு நுனிநாக்கில் வைத்தான். கடல் தண்ணீர் போலக் கரித்தது. நாகமுத்து சொல்லாமல் விட்டது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

"உப்புத் தண்ணி! குளிக்க, துணி தோய்க்க வாளியே போதும். குடிதண்ணிக் குடத்தை ஒருத்தியும் இதுக்குக் கொண்டுவரமாட்டாள். அப்ப தவறி விழேல்லை, தானாய்க் குதிச்சிருக்கிறா. தற்கொலைக்குக் கோயில் அடக்கம் கிடையாது எண்டுதான் புருசன் குடத்தை வைச்சு மூடியிருக்கிறான்."

"புருசன் கடலாலை வர முதலே குடம் இருந்தது எண்டெல்லோ விசாரணையிலை சொன்னவை? ஞானசவுந்தரியைக் கூப்பிடும்."

ஞானசவுந்தரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். "கர்த்தர் அறிய அந்தக் குடத்தை நான் வைக்கேல்லை. விடியப் பூசைக்குக் கூப்பிட வந்தனான். குடம் கட்டிலை இருந்தது. எட்டிப் பாத்தால்..." அவள் கண்ணைத் துடைத்தாள். "ஆரோ புண்ணியவான் வைச்சது எண்டு நினைச்சன். சுவாமியாரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ, ஐயா. பிரேதத்தைக் கிண்டி எடுத்து வெளியிலை போட்டிடுவினம்."

"கிணறு எப்பவும் உவர்தானோ?"

"இல்லை ஐயா. முந்தித் தேன் மாதிரித் தண்ணி. புயலுக்குக் கடல் வளவுக்குள்ளை ஏறினதோடை கெட்டுப்போச்சு. அண்டையிலை இருந்து குடிக்கிறதுக்குக் கோயில் கிணறுதான்."

அரியநாயகம் முற்றத்துக்குத் திரும்பிச் சில்வெஸ்ரரின் அருகே குந்தினார்.

"மச்சானுக்கு ஆர் அறிவிச்சது?"

"நான்தான். மத்தியானம் தந்தி அடிச்சனான்."

"எப்ப வந்து சேர்ந்தார்?"

"அண்டைக்குப் பொழுதுபடேக்கை வந்திட்டான். நல்ல பெடியன். எல்லாம் அவன்தான் ஓடித் திரிஞ்சு செய்தது."

"அதுக்கு முதல் எப்ப வந்தவர்?"

"புயலுக்கு முந்தி, மாமி செத்த வருசம் போனவன். பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டேல்லை."

இன்ஸ்பெக்டர் எழுந்து, வேலிக்கு அப்பால் நின்ற நாகமுத்துவையும் உள்ளே வரச் சொன்னார். எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். காற்றில் படலை அடித்துக்கொண்டேயிருந்தது.

"செத்தவ தானாய் விழுந்தா எண்டு இஞ்சை மூண்டு பேர் நினைச்சிருக்கிறியள்," என்றார் அவர். "மூண்டு பேரும் அவவின்ரை அடக்கத்துக்காக வாய் திறக்கேல்லை. நாகமுத்து அதுக்காகக் கல்லெறியும் வாங்கினவர். ஆனால் குடத்தை நீங்கள் ஒருத்தரும் வைக்கேல்லை. வைச்சிருக்கவும் மாட்டியள். இந்த வளவைத் தெரிஞ்சவன் அந்தக் கிணத்தடியிலை குடிதண்ணிக் குடத்தை வைப்பானோ? வைச்சவன் இது நல்ல தண்ணிக் கிணறு எண்டு நம்பினவன். புயலுக்கு முந்தியே ஊரை விட்டவன்."

குருசுமுத்து ஓரடி முன்னே வந்தான். "நான் தந்தி கிடைச்சுத்தானே வந்தனான்!"

அப்போதுதான் யாக்கோப்புவுக்குப் பொறி தட்டியது. "சேர்! மத்தியானம் தந்தி அடிச்சால், கொழும்பிலை இருந்து இரவு மெயில் றெயினிலைதான் ஏறலாம். அடுத்த நாள் காலமைதான் யாழ்ப்பாணம். இவர் அண்டைக்கே பொழுதுபட இஞ்சை நிண்டிருக்கிறார்!"

"சாவீட்டு அவதியிலை ஒருத்தரும் அதை யோசிக்கேல்லை," என்றார் அரியநாயகம். "தம்பி, நீர் ஏற்கெனவே யாழ்ப்பாணத்திலைதான் நிண்டனீர். ஏன் அக்காவிட்டை வந்தனீர்?"

குருசுமுத்து கதிரையைப் பிடித்தான். அதை இழுத்துப் போட்டு இருந்தான்.

"கொழும்பிலை எனக்கு ஒரு கலியாணம் பேசியிருக்கு," என்றான். "நான் முந்தி நெடுந்தீவிலை கட்டின பெண்சாதி ஜசிந்தா செத்துப்போனாள் எண்டு எங்கடை கோயில் சுவாமியாரிட்டை அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தடையில்லாமல் கட்டலாம். பொழுதுபட்ட மைம்மல் நேரத்திலை வந்து கிணத்தடியிலை நிண்டு கெஞ்சினன். 'உயிரோடை இருக்கிறவளை என்ரை வாயாலை சாகடிக்கமாட்டன், நாளைக்கே சுவாமியாரிட்டைப் போய் உன்ரை கதையைச் சொல்லுறன்' எண்டா. கோவத்திலை பிடிச்சுத் தள்ளினன், ஐயா. துலாக் கயித்தை உள்ளை இறக்கினன். அவ பிடிக்கேல்லை. சத்தமே வரேல்லை."

"பேசாமல் போயிருந்தால் தற்கொலை எண்டு எல்லாரும் அமத்தியிருப்பினம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உம்மை ஆரும் நினைச்சும் பாத்திருக்கமாட்டினம். ஏன் குடத்தை எடுத்து வைச்சனீர்?"

"சவக்காலை மதிலுக்கு வெளியிலை தாட்டிருப்பினமே. என்னைத் தூக்கி வளத்தவ, ஐயா. அம்மாவுக்குப் பக்கத்திலை கிடக்கட்டும் எண்டுதான்."

யாக்கோப்பு விலங்கை எடுத்தான். குருசுமுத்துவின் கைகளில் பூட்டினான். நாகமுத்து தலையில் கட்டியிருந்த துணியைத் தடவிக்கொண்டு தன் வேலிப் பக்கம் நடந்தார்.

குருசுமுத்துவை ஜீப்பில் ஏற்றும்போது சில்வெஸ்ரர் தள்ளாடியபடி வந்து இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தார். மைத்துனனை அவர் பார்க்கவேயில்லை.

"ஐயா, அண்டைக்குக் கடலுக்குப் போகேக்கை வலைக் கிழிசல் பொத்தேல்லை எண்டு ஏசினனான். கிணத்திலை விழுந்து சா எண்டு சொல்லிப்போட்டன். நான் சொன்னதுக்குத்தான் போனாள் எண்டு..." அவர் பிடியை விடவில்லை. "அப்ப அவள் தானாய்ச் சாகேல்லையோ?"

"இல்லை," என்றார் அரியநாயகம். "அவ நாளைக்குச் செய்யவேண்டிய வேலையை நினைச்சுக்கொண்டு நிண்டவ."

சில்வெஸ்ரர் படலைத் தூணைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழத் தொடங்கினார்.