எழுநூற்று நாற்பது கிராம்

கடைத் தராசில் எழுநூற்று நாற்பது கிராம் காட்டிய ஸ்லீப்பிங் பேக், வீட்டுக்கு வந்ததும் எழுநூற்று எண்பது காட்டியது.

வேறு யாராவதாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். மில்லிகிராமில் பிழைப்பு நடத்துகிறவன். மலையேறும்போது முதுகில் ஏறுகிற ஒவ்வொரு கிராமையும் ஜென்ம விரோதியாகப் பார்க்கிறவன். டூத் பிரஷின் கைப்பிடியை அறுத்துப் போட்டுவிட்டு, மிஞ்சிய கட்டைவிரல் நீளத் துண்டை எடை போட்டுச் சந்தோஷப்பட்டதால், மலையேறும் கிளப்பில் அவனுக்கு 'கிராம்' என்றே பெயர்.

ஆறு வாரமாக அலைந்து திரிந்து வாங்கியதெல்லாம் கூடத்துத் தரையில் பரப்பிக் கிடந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவான டென்ட், உள்ளங்கையில் அடங்கிவிடும் அடுப்பு, ஊதினால் மெத்தையாகும் பாய். ஸ்லீப்பிங் பேக்கை மட்டும் கடைசி வரைக்கும் தள்ளிப்போட்டான். கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார்.

"கிராம் சார், இது சிந்தெடிக் பஞ்சு. நனைஞ்சாலும் சூடு போகாது, ஆனா வெயிட்டு. அது வாத்து இறகு. மைனஸ் பத்து வரைக்கும் தாங்கும், தூக்கிட்டு நடக்கறதே தெரியாது. ஆமா, பழைய பை என்னாச்சு? அதுவும் நல்ல பைதானே?"

"குடுத்துட்டேன்."

கொடுக்கவில்லை. குப்பையில் போட்டிருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவனும் அவன் அண்ணனும் மலைக்குப் போனார்கள். அவன் மட்டும் இறங்கி வந்தான். இருவருக்குமான பட்டியலைப் போட்டவன் அவன்தான். "உனக்குச் சூட்டு உடம்பு அண்ணா, இந்த மெல்லிசு பையே போதும், அரைக்கிலோ மிச்சம்" என்று கோடைக்கான பையை அண்ணன் தலையில் கட்டியவனும் அவன்தான். கனத்த பை அவனிடம் இருந்தது. "நீ சொன்னா சரிதான்டா" என்று அண்ணன் கேள்வி கேட்காமல் மூட்டையைக் கட்டினார். திடீர்ப் பனி, யாரும் எதிர்பார்க்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னது. அவனும் அதையே சொன்னான்.

புதுப் பை வாங்கி வந்த மறுநாள் காலையில் அது எண்ணூற்று அறுபது இருந்தது. ஈரம் இழுத்திருக்கும் என்று பால்கனி வெயிலில் நாள் முழுக்கக் காயப்போட்டான். சாயங்காலம் எடுத்தபோது துணி மொறமொறவென்று சூடாக இருந்தது. எடையோ ஆயிரத்து நூற்றுப் பத்து. தராசுதான் பழுதென்று ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துப் பார்த்தான். தராசு ஒழுங்காகத்தான் இருந்தது. துணியில் மூக்கை வைத்தால் புதுச்சாமான் வாசனையே இல்லை. ஈர இறகின் முடை, அதற்கு அடியில் அடுப்பு அணைந்த பின் டென்டுக்குள் தங்குகிற எரிவாயு நாற்றம்.

மூன்றாம் நாள் பையைக் கடைக்கே எடுத்துப் போனான். கடைக்காரர் தராசில் வைத்தார். எழுநூற்று நாற்பது. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சார், நீங்க கொஞ்ச நாள் லீவு போட்டுத் தூங்குங்க" என்று சிரித்தார்.

திரும்பி நடந்து வரும் வழியில் பாதித் தெரு தாண்டுவதற்குள் தோள்பட்டை வார் சதையை அறுத்தது. இரண்டாம் மாடிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நின்ற பிறகு, முதுகில் இருந்தது ஒருமுறை மெல்ல அசைந்து கொடுத்தது. தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. பையை உள்ளறைத் தரையில் போட்டுக் கதவைச் சாத்தினான்.

நாலு மணிக்கு அண்ணி வந்தாள். கீழ்வீட்டில் தையல் கடை நடத்துகிறாள். அவன் குறுக்கித் தரச் சொல்லியிருந்த இடுப்பு வாரைக் கையில் வைத்திருந்தாள்.

"இந்தாங்க தம்பி, நாலு விரக்கடை குறைச்சிருக்கேன். எத்தனை கிராம் மிச்சமோ, நீங்கதான் கணக்குப் பாக்கணும்."

அவன் வாங்கிக்கொண்டான். அவள் போகவில்லை. தரையில் கிடந்ததையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"மறுபடியும் போறீங்க."

"கிளப்ல எல்லாரும் போறாங்க அண்ணி."

"இந்தத் தடவையாவது குளிர் தாங்கற பையா வாங்கினீங்களா?"

அவன் இடுப்பு வாரைச் சுருட்டத் தொடங்கினான். அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக, படியில், வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்.

"அன்னிக்கு ராத்திரி அவர் ஏதாவது பேசினாரா தம்பி?"

"எத்தனை வாட்டி அண்ணி சொல்றது? நான் அசந்து தூங்கிட்டேன். காலைல எழுந்து பாத்தப்போதான்..."

உள்ளறையில் நைலான் உரசியது.

அவனுக்கு முன்பே அவள் திரும்பிவிட்டாள். "வேணாம் அண்ணி" என்று அவன் வாயெடுப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே நல்ல வெயில். அறைக்குள் ஜன்னல் கண்ணாடி உட்புறமாகப் பனித்திருந்தது. தரையில் போட்ட பை கட்டிலில் கிடந்தது. நீளவாக்கில். தலைமாட்டு வரைக்கும் ஜிப் மூடி. கட்டில் நடுவில் குழிந்திருந்தது.

அவள் ஓரமாக உட்கார்ந்தாள். துணியை அறிந்த விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். கால், முழங்கால், மார்பு. மார்பருகே விரல் நின்றது. பிறகு குனிந்து, காதை வைத்தாள்.

அவனால் நகர முடியவில்லை. அந்த டென்ட் ஞாபகம் வந்தது. இருட்டு. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம். 'தம்பி, முழிச்சிருக்கியா?' கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். 'கொஞ்ச நேரம் மட்டும் உன் பையைக் குடுடா.' மூன்று முறை. மூன்று முறையும் அவன் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு படுத்திருந்தான். உள்ளே, கதகதப்பாக.

அண்ணி நிமிர்ந்தாள்.

"நீ தூங்கலையாமே."

இருபது வருஷத்தில் முதல் முறையாக 'நீ'.

"அண்ணி..."

வாயிலிருந்து புகை வந்தது. கால் மரத்துவிட்டது. பின்னால் கதவு இருந்தது. நாலடி. கால் வரவில்லை.

அவள் ஜிப்பைப் பிடித்தாள். இழுத்தாள். ஒவ்வொரு பல்லாக. நிதானமாக, நல்ல தையலைப் பிரிக்கிறவள் மாதிரி. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாகக் குளிர் மட்டும் வழிந்து விரிப்பில் இறங்கியது. பிறகு துணி அசைந்தது. ஒரு பக்கமாக ஒதுங்கியது. சுவரோரமாக ஓர் ஆள் அகலம். இந்தப் பக்கம் காலி.

"வா. தள்ளிப் படுத்துக்கறாராம்."

பையின் வாயை அவள் அகலமாக விரித்துப் பிடித்தாள். அவளுடைய விரல் நுனிகள் வெளுத்தன. நீலமாயின. ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிடியை விடவில்லை.