பெயரில்லாத வினை

செவ்வாய்க் கோளின் மூன்றாம் கவிகைக் குடியிருப்பில் யாரும் சும்மா சாப்பிட்டுவிட முடியாது. "உண்கிறேன்" என்று மணிக்கட்டுக்குச் சொல்ல வேண்டும். தோலுக்கடியில் இருக்கும் வினைச்சில்லு பச்சையாக ஒளிர்ந்த பிறகுதான் விரல்கள் அசையும். குளிப்பதற்கும் கும்பிடுவதற்கும்கூட அப்படித்தான். செய்வது எதுவோ அதன் சரியான பெயரைச் சொல்ல வேண்டும். பொய்ப்பெயர் சொன்னவருக்குப் பனிச்சுரங்கம். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சொற்களஞ்சிய அதிகாரி பூவராகனும் அவருடைய உதவியாளர் ஜெசிந்தாவும் மத்தியான வேளையில் அதிகாரிகள் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் 'உண்கிறேன்' சொல்லியாயிற்று; இருவர் தட்டிலும் காளான் பிரியாணி ஆவி பறந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே துப்புரவுப் பெண் ஒருத்தி நின்று, பூவராகனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையேந்தவில்லை, வாய் திறக்கவில்லை. கண் மட்டும் தட்டை விட்டு நகரவில்லை.

"இவ பாத்தா எனக்கு எப்படி இறங்கும்?" என்று எரிச்சல்பட்டார் பூவராகன். வினைக்காவலன் எந்திரத்தைக் கூப்பிட்டார்.

எந்திரம் கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு அவளிடம் போய்ப் பேர் கேட்டது, வினை கேட்டது.

"மரியபுஷ்பம். சும்மா பாக்குறேங்க."

அவளுடைய சில்லு பச்சையாகவே இருந்தது. எந்திரம் திரும்பிவிடப் பார்த்தது.

"பொய்!" என்றார் பூவராகன். செத்த சொற்களைத் தோண்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "குரோக்குன்னு பழைய ஆங்கில வினை ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்துப் பக்கத்துச் சொல். ஆரம்பத்துல சந்தேகத்தோட உத்துப் பாக்குறதுக்குச் சொன்னாங்க. அப்புறம், ஒருத்தர் சாப்பிடும்போது நமக்கும் கொடுப்பாரான்னு வாய் பேசாம பாத்துக்கிட்டு நிக்கிறதுக்கு. நாய்க்கும் குழந்தைக்கும்தான் அதிகமா சொல்லியிருக்காங்க. பதிவேட்டைப் பாரு."

எந்திரம் பார்த்தது. இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரியபுஷ்பத்தின் மணிக்கட்டு சிவந்தது.

சோற்றைப் பார்த்ததற்குச் சுரங்கமா? அவளைக் காப்பாற்ற ஜெசிந்தாவுக்கு ஒரு வழிதான் தோன்றியது. "காவலா, ஒரு சந்தேகம். அப்படி ஒருத்தர் பாத்துட்டு நிக்கும்போது, கொடுக்காம தின்னுட்டே இருக்கிறதுக்கு என்ன வினை? சார் வெறுமனே 'உண்கிறேன்'னுதானே சொன்னாரு?"

பூவராகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய சில்லு சந்தேகத்துக்கான மஞ்சளாகி, பிரியாணியோடு கை பாதி வழியில் நின்றுவிட்டது. "ஏம்மா, யார் பக்கம் நீ?" என்றார்.

எந்திரம் பூமியின் எல்லா மொழிகளையும், செத்த மொழிகளையும் சேர்த்து, துழாவியது.

"கல்யாணப் பந்தி வாசலில், உணவகக் கண்ணாடிக்குப் பின்னால், கைப்பேசிப் படங்களில் என்று இந்த வினை நடந்ததற்குச் சான்றுகள் ஏராளம்" என்றது எந்திரம். "இருபத்தோராம் நூற்றாண்டில் எண்ணி மாளவில்லை. ஆனால் இதற்குத் தனிப்பெயர் எந்த மொழியிலும் இல்லை."

"அப்படின்னா?" ஜெசிந்தாவுக்கு நம்பிக்கை வந்தது.

"அவருடைய வினைக்கு மெய்ப்பெயரே இல்லாததால் அவர் சொன்னது பொய்ப்பெயர் ஆகாது. குற்றமில்லை. அந்தப் பெண்ணின் வினைக்குப் பெயர் இருந்திருக்கிறது. அது தெரியாமல் இருந்தது அவளுடைய குற்றம்."

'கொடுக்கிறேன்' என்ற சொல் ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் எந்திரம் மரியபுஷ்பத்தின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டது. நடைவழி வளைவில் மறையும்வரை அவள் திரும்பித் திரும்பித் தட்டையே பார்த்துக்கொண்டு போனாள்.

"நல்லவேளை" என்று பெருமூச்சுவிட்டார் பூவராகன். அவருடைய மணிக்கட்டு மறுபடியும் பச்சையாகியிருந்தது. "சாப்பிடும்மா, ஆறிடப்போகுது."

ஜெசிந்தா குனிந்து தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அது மஞ்சளாகக்கூட மாறியிருக்கவில்லை.